உம் கொட்டாத வகுப்பு

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகிறவர்களுக்குச் சனீஸ்வரர் நினைப்பு. வழியில் தருமபுரம் என்று ஓர் ஊர் ஒதுங்கி இருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. பெயரைச் சொன்னாலும், ‘ஆதீனம் இருக்கிற ஊர்தானே?’ என்பார்கள். அந்தத் தருமபுரம் மயிலாடுதுறையில் இருக்கிறது. இது சம்பந்தர் பாடிய தருமபுரம். இங்கே கோயில் கொண்டிருக்கும் சுவாமியின் பெயர் யாழ்மூரிநாதர்.

அந்தப் பெயர் வந்த கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர், சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவர் பாடும் பதிகங்களை யாழில் வாசித்து வந்தவர். தருமபுரம் அவருடைய தாய் பிறந்த ஊர். தாய்வீட்டுச் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சம்பந்தர் பாட்டுக்கு இவ்வளவு பேர் கிடைத்ததே நம்ம பிள்ளை வாசிப்பால்தான் என்று பேசிவிட்டார்கள். பாணருக்கு அது பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பதிகம் பாட வேண்டும் என்று அவரே சம்பந்தரிடம் கேட்டார். சம்பந்தர் பாடினார். பாணர் வாசித்துப் பார்த்தார், வரவில்லை. இந்தக் கருவி கையில் இருப்பதால்தானே இந்தப் பேச்செல்லாம் என்று யாழை உடைக்கவே ஓங்கிவிட்டார்.

முரித்தல் என்றால் ஒடித்தல். அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரி என்றே பெயர். முதல் திருமுறையில் இருக்கிறது. இன்றைக்கு ஓதுவார்கள் அடாணாவில் பாடுகிறார்கள். யாழில் அது ஏன் வரவில்லை என்பதற்கு இசை தெரிந்தவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். குரல் அப்படி இல்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடமெல்லாம் அதற்குச் சொந்தம்.

பாணர் கெட்டிக்காரர். பாட்டு நல்ல பாட்டு. யாழும் நல்ல யாழ்தான். எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் பாட்டுக்கும் கருவிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அதை இட்டு நிரப்பும் வேலை பாணருடைய விரல்களில் வந்து விழுந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக இயற்பியல் சொல்லிக்கொடுத்துவரும் எனக்கு, இந்தக் கதையைக் கேட்டால் இப்போதெல்லாம் 2020தான் ஞாபகம் வருகிறது.

அந்த மார்ச்சில் பள்ளிகள் மூடின. 25ஆம் தேதி முதல் நாடே மூடிக்கொண்டது. உலகம் முழுவதும் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் வகுப்பறையை விட்டு வெளியேறினார்கள் என்று ஐ.நா. கணக்கிட்டது. அவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த பள்ளி ஆசிரியர்கள் 6 கோடிக்கும் மேல். சில வாரங்களில் அவர்களில் பலர் கையில் ஒரு செல்போன் இருந்தது. பாட்டு அதே பாட்டு, கருவிதான் மாறிவிட்டது.

‘வீட்டிலேயே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்’ என்று அக்கம்பக்கத்தில் அப்போது பேசிக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது நியாயமான பேச்சாகத்தான் தெரியும். பஸ் இல்லை, படியேற்றம் இல்லை, நாற்பது பிள்ளைகளின் கூச்சல் இல்லை, சாக்பீஸ் தூள் இல்லை, நாள் முழுக்க நிற்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு மணி நேர ஆன்லைன் வகுப்பு முடிந்ததும், தொடர்ந்து மூன்று பீரியட் எடுத்தாற்போல ஆசிரியர்கள் ஓய்ந்து போனார்கள். உடம்புக்கு வேலை குறைந்தும் அசதி ஏன் கூடியது?

கிராமத்தில் பாட்டி கதை சொல்லும்போது ஒரு நிபந்தனை உண்டு. பேரப்பிள்ளை ‘உம்’ கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும். “தூங்கிட்டியாடா?” என்று ஒரு கேள்வி வரும். உம் என்பது வெறும் மரியாதைக்காகப் போடுகிற சத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. கதை சொல்கிறவளுக்கு அது ஒரு கருவி. இழுத்துச் சொன்ன உம்மில் தூக்கம் இருக்கும், படக்கென்று விழுகிற உம்மில் பயம் இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டேதான் பாட்டி ராட்சசனைப் பெரிதாக்குவாள், இல்லாவிட்டால் சின்னதாக்குவாள். மொழியியலில் இதைத் தனி விஷயமாக எடுத்து 1970இல் பெயர் வைத்தவர் விக்டர் இங்வே. பேச்சு ஓடும் பெரிய பாதைக்குப் பின்னால், எதிர்த்திசையில் சத்தமில்லாமல் ஓடும் இன்னொரு பாதை என்று அதைச் சொன்னார். நம் பாட்டிகள் பெயர் வைக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் ஒரு கதையும் அவர்கள் சொன்னதில்லை.

வகுப்பறையிலும் உம் உண்டு. காதுக்கு வருவது கொஞ்சம், கண்ணுக்கு வருவதுதான் அதிகம். ஓம் விதியை நடத்திக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டில் சர்க்யூட் வரைந்து, மின்தடையை இரட்டித்தால் மின்னோட்டம் என்னாகும் என்று கேட்டுக்கொண்டே திரும்புகிறேன். முதல் பெஞ்சுக்குப் பதில் தெரியும், கை ஏற்கெனவே மேலே இருக்கிறது. மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண்ணின் புருவம் சுருங்குகிறது. ஐந்தாம் பெஞ்சுப் பையன் பக்கத்து நோட்டைப் பார்த்துக் காப்பியடிக்கிறான். அதாவது கணக்கு அவனைத் தாண்டிப் போய்விட்டது. கடைசி பெஞ்சில் பேனாவைத் திறந்து மூடும் சத்தம். இவ்வளவும் ஒரு நொடிக்குள் எனக்குக் கிடைத்துவிடுகின்றன. இவற்றைத் தெரிந்துகொள்ள நான் யாரையும் கேட்கவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. புருவத்தைப் பார்த்ததும் வாய் தானாகவே, ‘சரி, இன்னொரு தடவை பார்ப்போம்’ என்கிறது.

அமெரிக்கப் பள்ளிகளில் நாள்கணக்கில் உட்கார்ந்து கவனித்த பிலிப் ஜாக்சன் 1968இல் ஒரு கணக்குச் சொன்னார். தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவருக்கும் மாணவர்களுக்கும் இடையே ஒரே நாளில் ஆயிரம் வரை கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. ஆறு மணி நேரப் பள்ளி என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று. ஒன்றொன்றையும் யோசித்து முடிவெடுத்துக்கொண்டிருந்தால் பத்து மணிக்கே மூளை உட்கார்ந்துவிடும். அப்படி உட்காராமல் இருப்பதற்கு அனுபவம்தான் காரணம். 1980களில் டேவிட் பெர்லினரும் அவருடன் இருந்தவர்களும் புதிய ஆசிரியர்களுக்கும் பழுத்த ஆசிரியர்களுக்கும் வகுப்பறைப் படங்களைக் காட்டிக் கேட்டார்கள். புதியவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் பட்டியல் போட்டார்கள். பழையவர்களோ அங்கே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைச் சொன்னார்கள். சதுரங்க வீரர் பலகையில் தனித்தனிக் காய்களைப் பார்க்காமல் ஒரு நிலையைப் பார்க்கிறாரே, அதே வித்தைதான். ‘டீச்சருக்கு முதுகிலும் கண்’ என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். ஜேக்கப் கௌனின் 1970லேயே இதற்கு ஆங்கிலத்தில் ஒரு புதுச் சொல்லை உருவாக்கி, வகுப்பைக் கட்டுக்குள் வைப்பதில் தண்டனையைவிட இது பெரிய விஷயம் என்று காட்டினார்.

இனி ஆன்லைனுக்கு வருவோம். அதே ஓம் விதி, அதே கேள்வி. எதிரே கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், அல்லது பெயரின் முதல் எழுத்து, இல்லாவிட்டால் அப்பாவின் பெயர், ஒரு சில கட்டங்களில் ஏதோ செல்போன் கம்பெனி வைத்த மாடல் எண். டேட்டா காலியாகிவிடும் என்று வீடியோவை அணைத்திருக்கிறார்கள், அதைத் தப்பென்று சொல்ல முடியாது. இரைச்சல் வருகிறதென்று மைக்கை அணைக்கச் சொன்னவன் நானேதான். மின்னோட்டம் என்னாகும் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். யாருக்கும் பதில் தெரியவில்லையா, தெரிந்தும் மைக்கைத் திறக்கத் தயங்குகிறார்களா, நெட்வொர்க் போய்விட்டதா, போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்களா? நான்குக்கும் ஒரே மௌனம்தான். கடைசியில் நான் கேட்டது, அந்த இரண்டு வருஷத்தில் எல்லா ஆசிரியர்களும் ஒரு நாளைக்குப் பல தடவை கேட்டது:

“கேக்குதா?”

அந்தக் கேள்வியை நாம் சிரித்துக் கடந்துவிட்டோம், மீம்ஸ் போட்டோம். உள்ளே அது வேறு வேலை செய்துகொண்டிருந்தது. வகுப்பறையில் காசு கொடுக்காமல் வந்துகொண்டிருந்த உம், இங்கே கேட்டுக் கேட்டு வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது. ஒவ்வொரு ‘கேக்குதா’வும் பாடத்தை நிறுத்தி, நூலை அறுத்து, மறுபடி பிடிக்க வேண்டிய ஒரு தடங்கல்.

மனச்சுமையை நிறுக்கத் தராசு உண்டா என்று கேட்டால், சுமாரான ஒன்று உண்டு. அதைச் செய்தவர்கள் பள்ளிக்கூடத்துக்காகச் செய்யவில்லை. அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தில் சாண்ட்ரா ஹார்ட்டும் லோவெல் ஸ்டேவ்லாண்டும் விமானிகளை மனதில் வைத்து உருவாக்கி 1988இல் வெளியிட்ட கேள்வித்தாள் அது. வேலை முடிந்ததும் ஆறு கேள்விகள்: மூளைக்கு எவ்வளவு வேலை, உடம்புக்கு எவ்வளவு வேலை, நேரம் எவ்வளவு நெருக்கியது, வேலை எந்த அளவுக்கு நன்றாக முடிந்தது, அதற்காக எவ்வளவு முயன்றீர்கள், எவ்வளவு எரிச்சல் பட்டீர்கள். ஆறையும் இரண்டிரண்டாக ஒப்பிட்டால் 15 ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடியிலும் எது உங்களை அதிகம் வாட்டியது என்று சொன்னால், அதை வைத்து எடை போட்டு நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போடுவார்கள். விமானியில் தொடங்கி, இன்றைக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர், கார் ஓட்டுநர், ஆசிரியர் என்று யாரைப் பார்த்தாலும் இதைத்தான் நீட்டுகிறார்கள்.

இந்தக் கேள்வித்தாளில் எனக்குப் பிடித்தது, சுமை என்பதை ஒரே மூட்டையாகக் கட்டாமல் ஆறு பொட்டலமாகப் பிரித்தது. ‘வீட்டிலிருந்துதானே வேலை’ என்றவர்கள் ஒரே ஒரு பொட்டலத்தைத்தான் பார்த்தார்கள், உடம்பு வேலையை. அது குறைந்தது உண்மை. மற்ற ஐந்தையும் ஒரு தட்டில் வையுங்கள். அதிலும் ‘வேலை நன்றாக முடிந்ததா’ என்ற கேள்வி. வகுப்பறையில் மணி அடிக்கும்போது அதற்கு ஒரு பதில் கையில் இருக்கும். கறுப்புக் கட்டங்களுக்குப் பாடம் எடுத்துவிட்டு ‘லீவ்’ பொத்தானை அழுத்துகிறவருக்கு அந்தக் கேள்வியின் பதிலே தெரியாது. இப்படித் தெரியாமலே இருப்பதும் ஒரு சுமைதான்.

மூளையில் இடம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு நேரத்தில் மனதில் பிடித்து வைத்து வேலை செய்யக்கூடிய விஷயங்கள் ஏழு, கொஞ்சம் முன்னே பின்னே, என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். பிற்பாடு 2001இல் நெல்சன் கோவன், ஏழு தாராளம், உண்மையில் நான்குக்குப் பக்கத்தில்தான் என்று குறைத்தார். நான்கு என்றே வைத்துக்கொள்வோம். பாடம் எடுக்கும்போது என் மனதில் இருப்பவை: இப்போது சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியம், அடுத்து வரவேண்டிய படி, மீதமிருக்கும் நேரம், குழம்பிய அந்த மூன்றாம் பெஞ்சுப் பெண். நான்கு இடமும் நிறைந்துவிட்டது. ஆன்லைனில் இந்த நான்கும் அப்படியே இருக்க, மைக் திறந்திருக்கிறதா, ஸ்கிரீன் ஷேர் போகிறதா, வெளியே காத்திருக்கும் இரண்டு பேரை உள்ளே விட வேண்டுமா, சாட்டில் யாரோ எழுதியது கேள்வியா வணக்கமா, சமையலறையில் குக்கர் எத்தனையாவது விசில்? நான்கு பேர் உட்காரும் திண்ணையில் ஒன்பது பேர்.

கரும்பலகை எவ்வளவு பெரிய உபகாரம் என்பது அது இல்லாதபோதுதான் புரிந்தது. நாற்பது நிமிஷப் பேச்சும் அதில் நின்றுகொண்டிருக்கும். நான் மறந்தாலும் போர்டு மறக்காது. பிள்ளை ஒரு படியைத் தவறவிட்டால் கண்ணைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அது எனக்கும் நாற்பது பேருக்கும் பொதுவான ஞாபகசக்தி. செல்போனில் ஒரு படத்தைத் தள்ளினால் முந்தைய படம் போய்விடுகிறது. அது போன இடம் என் தலைக்குள்தான்.

பேச்சின் தாளம் கெட்டதும் இதோடு சேர்ந்துகொண்டது. மனிதர்கள் மாறி மாறிப் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க எடுக்கும் நேரம் எவ்வளவு? டான்யா ஸ்டிவர்ஸும் சக ஆய்வாளர்களும் உலகின் பத்து மொழிகளில் அளந்து 2009இல் வெளியிட்டார்கள். மொழிக்கு மொழி சின்ன வேறுபாடு உண்டு. ஆனால் பொதுவாக அது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கிறது. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. நம் வீட்டுப் பேச்சைக் கேட்டால் நாம் அவ்வளவுகூடக் காத்திருப்பதில்லை என்றுதான் தோன்றுகிறது. இந்தச் சின்ன இடைவெளிக்குள் மூளை நிறையப் படிக்கிறது: தயக்கம், மறுப்பு, தெரியாமை. போன் வழியே பேச்சு ஒரு நொடி தாமதமாக வந்தால், நெட்வொர்க்கின் தாமதத்தை நாம் ஆளின் தயக்கமாக எடுத்துக்கொள்கிறோம். ஜெர்மனியில் 2014இல் நடந்த ஓர் ஆய்வில், இணைப்பில் 1.2 நொடி தாமதத்தைப் புகுத்தியபோது, எதிர்ப்பக்கத்தில் பேசியவரைக் கவனக்குறைவானவர், சிநேகம் குறைந்தவர் என்று கேட்டவர்கள் எடைபோட்டார்கள். தப்புச் செய்தது ஒயர், திட்டு வாங்கியது ஆள்.

ஆசிரியர்களுக்கு இதில் இன்னொரு வம்பு. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார், பிறகு பொறுக்காமல் தானே பதில் சொல்கிறார் அல்லது அடுத்த பிள்ளையிடம் தாவுகிறார் என்று மேரி பட் ரோ 1970களில் கண்டுபிடித்துச் சொன்னார். மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. ஆன்லைனில் அந்த ஒரு நொடியை நெட்வொர்க்கே தின்றுவிடும். பிள்ளை யோசித்து, மைக்கைத் தேடித் திறந்து, “சார்…” என்று தொடங்கும்போது ஆசிரியர் அடுத்த வரியில் இருப்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ‘நீ சொல்லுப்பா’ என்பதற்குள் பிள்ளை மைக்கை மூடிவிட்டிருக்கும்.

வீடியோ கூட்டங்களின் களைப்பைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெயிலன்சன் 2021இல் எழுதினார். எல்லா முகமும் மூக்குக்கு நேரே பெரிதாக வந்து நிற்பது, அசையாமல் சட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பது, சைகைகளை முனைந்து அனுப்பி முனைந்து படிக்க வேண்டியிருப்பது, நாள் முழுக்க நம் முகத்தையே கண்ணாடியில் போலப் பார்த்துக்கொண்டிருப்பது என்று நான்கு காரணங்களை அடுக்கினார். நம் ஆசிரியருக்கு முதலாவது பொருந்தாது. அவருக்கு முகம் நெருங்கி வந்ததல்ல, முகமே இல்லாமல் போனதுதான் பிரச்சினை. கடைசிக் காரணம் அதனாலேயே இன்னும் மோசமாகப் பொருந்தும். நாற்பது கட்டத்தில் ஒரே ஒரு முகம் தெரிகிறது, அது தன்னுடையது. கண் வேறெங்கே போகும்? அதே ஸ்டான்ஃபோர்டு குழு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டபோது, மிகவும் களைத்துப்போவதாகச் சொன்ன பெண்கள் ஏழில் ஒருவர், ஆண்கள் இருபதில் ஒருவர். தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது பெண்களை அதிகம் பாதிப்பதுதான் இதற்கு முக்கிய காரணமாகத் தெரிந்தது. நம் பள்ளிகளில் பெண் ஆசிரியர்கள்தான் அதிகம் என்பதையும், அவர்களுக்குப் பின்னால் தெரியும் சுவரும் அடுக்களையும் நாற்பது வீட்டுக் கண்ணில் படுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் வேலை முடிந்ததா என்றால், நோட்டுத் திருத்துவது பாக்கி.

இதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். வழக்கமான நாளில் நாற்பது நோட்டு மேசையில் அடுக்கியிருக்கும். சிவப்புப் பேனா. முதல் நோட்டில் கொஞ்ச நேரம் ஆகும். பத்தாவது நோட்டில் கை தானாக ஓடும், ஏனென்றால் எல்லா நோட்டிலும் தப்பு ஒரே இடத்தில்தான் வரும். மூன்றாவது கணக்கில் அலகு விட்டிருப்பார்கள். கண் நேராக அங்கே போகும். அடுக்கு இடப்பக்கம் குறைந்து வலப்பக்கம் ஏறுவது, எவ்வளவு முடிந்தது என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். 2020இல் அந்த நாற்பது நோட்டும் வாட்ஸ்அப்பில் போட்டோக்களாக வந்தன. ஒருவர் மூன்று போட்டோ அனுப்புவார், மூன்றாவது பக்கம் முதலில் வரும். ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்றில் கை நிழல் விழுந்திருக்கும், ஒன்றில் விளக்கு வெளிச்சம் பட்டு நடுப்பக்கம் வெளுத்திருக்கும். இரண்டு விரலால் பெரிதாக்கினால் அலகு தெரியும், கணக்கு எங்கே தொடங்கியது என்பது போய்விடும். திரும்பச் சின்னதாக்கினால் கணக்கு தெரியும், அலகு தெரியாது. இந்த இரண்டையும் ஒட்டவைக்க வேண்டியது ஆசிரியருடைய தலை. ஒரே விஷயம் இரண்டு இடத்தில் பிரிந்து கிடந்தால், இணைக்கும் உழைப்பிலேயே நினைவு தீர்ந்துவிடும் என்பது ஜான் ஸ்வெல்லர் 1988இல் தொடங்கி வளர்த்த அறிவுச்சுமைக் கோட்பாட்டின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. அவர் மாணவர்களுக்காக அதைச் சொன்னார். சுமை ஆசிரியருக்கும் உண்டு என்பது அப்போது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

போட்டோக்கள் ஒன்றாகவும் வருவதில்லை. அப்பா வேலையிலிருந்து போனோடு திரும்பிய பிறகுதான் சில வீட்டில் வீட்டுப்பாடமே தொடங்கும். துறைமுகத்துக்குப் போன அப்பா என்றால் எந்த நேரம் என்று சொல்ல முடியாது. இரவு எட்டேகாலுக்கு ஒன்று, ஒன்பதே முக்காலுக்கு ஒன்று. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தைய வேலையின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று சோஃபி லெராய் 2009இல் காட்டினார். தோசை வார்த்துக்கொண்டே போட்டோ பார்க்கும் டீச்சருக்கு இதை ஆய்வாளர் வந்து சொல்ல வேண்டியதில்லை. தோசை கருகும்.

இதற்கெல்லாம் மேலே ஆவண வேலை. காரைக்கால் பள்ளிகள் அப்போது தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. 2020 ஜூன் 9ஆம் தேதி தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்று எல்லோருக்கும் தேர்ச்சி. பிள்ளைகளுக்கு விடுதலை. பழைய விடைத்தாளையும் ரெஜிஸ்டரையும் தேடி எடுத்துக் கூட்டிப் பெருக்கியவர்கள் யார் என்று கேட்க வேண்டாம்.

சுமையை ஆசிரியர் ஒருவரே தூக்க வேண்டும் என்று எப்போதும் இருந்ததில்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த மாணவன் இளையவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பான், அண்ணாவி மேற்பார்வை பார்ப்பார். எழும்பூரில் ராணுவத்தார் பெற்ற அனாதைப் பையன்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். பிள்ளைக்குப் பிள்ளை கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கேதான் வளர்த்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது சீமையெங்கும் பரவியது. மனச்சுமைப் பங்கீட்டில் நாம் செய்த ஏற்றுமதி என்று இதைச் சொல்லலாம். ஆன்லைன் காலத்தில் சட்டாம்பிள்ளை திரும்பி வந்தான், யாரும் நியமிக்காமலே. எந்த வகுப்பிலும் ஒரு பெண் இருந்தாள், லிங்க்கை நாலு பேருக்குத் திருப்பி அனுப்பி, “மிஸ், அவ வீட்ல கரெண்ட் இல்ல மிஸ்” என்று தகவல் சொல்லி, மிஸ் மியூட்டில் பேசிக்கொண்டிருந்தால் முதலில் சத்தம் போட்டு. அவள் இருந்த வகுப்புகளில் ஆசிரியர்கள் கொஞ்சம் குறைவாகக் களைத்தார்கள் என்பது என் சொந்த அனுமானம்.

எனக்குத் தெரிந்து மிகவும் அடிபட்டவர்கள் அனுபவசாலிகள். இளம் ஆசிரியர்கள் செல்போனோடு வளர்ந்தவர்கள், ஏதோ சமாளித்தார்கள் என்பது பாதிக் காரணம்தான். இருபத்தைந்து வருஷம் வகுப்பறையில் ஒருவர் சேர்த்த சொத்து என்ன? நடந்துகொண்டே பாடம் சொல்வது, பேசுகிறவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பது, புருவம் படிப்பது. எல்லாம் அந்த அறைக்கு, அந்த உயரத்துக்கு, அந்த இரைச்சலுக்கு என்று கட்டிய சுருதி. யோசிக்காமல் செய்தவற்றையெல்லாம் திடீரென்று யோசித்துச் செய்ய வேண்டி வந்தது. பாணரும் அப்படித்தான் இருந்திருப்பார். யாழ் புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு ஒரு பதிகம் வரவில்லை என்றால் அவன் யாழை உடைக்கப் போவதில்லை.

2021 செப்டம்பரில் தமிழ்நாட்டில் உயர் வகுப்புகள் திறந்தன, நவம்பர் முதல் தேதி சின்னப் பிள்ளைகளும் வந்தார்கள். இனி சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். முகக்கவசம் போட்ட நாற்பது முகம், பாதி உம். பாதிப் பிள்ளைகள் இன்றைக்கு, மீதிப் பேர் நாளைக்கு. சில இடங்களில் எதிரே இருபது பேர், மேசையில் நிறுத்திய போனுக்குள் இன்னும் இருபது பேர். போனைப் பார்த்துப் பேசினால் பெஞ்சு கைவிட்டுப் போகிறது, பெஞ்சுப் பக்கம் நடந்தால் போனில் “சார் கேக்கல” என்கிறார்கள். இரண்டு வகையில் எது சுலபம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். இரண்டையும் ஒன்றாகச் செய்வதுதான் எல்லாவற்றிலும் கொடுமை என்பதில் எனக்குத் தெரிந்த ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

யாழை ஓங்கிய பாணரிடமிருந்து சம்பந்தர் அதை வாங்கிக்கொண்டார் என்கிறது புராணம். எதற்கு உடைக்கிறீர்கள், இறைவன் புகழ் இந்தக் கருவியில் அடங்குமா, இதில் வருகிற அளவுக்கு வாசியுங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பாணரும் அந்த யாழோடு கடைசி வரை அவர் பின்னால் போனார். 2020இல் நல்ல ஆசிரியர்கள் சிலர் தாமாகவே வந்து சேர்ந்த முடிவும் இதுதான். நாற்பது நிமிஷப் பாடத்தை அப்படியே போனுக்குள் திணிப்பதை விட்டார்கள். பத்து நிமிஷக் குரல் பதிவு ஒன்று, ஒரே ஒரு கணக்கு. சாயங்காலம் ஐந்து ஐந்து பேராகக் கூப்பிட்டுப் பேசுவது. ஐந்து பேர் என்றால் பேர் தெரியும், குரல் தெரியும், மைக்கை மூட வேண்டாம், உம் கேட்கும். போனுக்கு வரக்கூடிய பாட்டை மட்டும் அதில் வாசித்தார்கள்.

இப்போது பள்ளிகள் பழையபடி நடக்கின்றன. ஆனால் கருவியைத் திருப்பிக் கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. வாட்ஸ்அப் குரூப் அப்படியே இருக்கிறது. காலையில் வகுப்பறைச் சுமை, இரவில் போன் சுமை, இரண்டும் இப்போது ஒரே ஆளுக்கு. ஐப்பசி அடைமழை, கடலோரத்தில் காற்று ஏறிக்கொண்டிருக்கும் இரவு. மணி பத்தாகப் போகிறது, கலெக்டர் அறிவிப்பு இன்னும் வரவில்லை. மேசையில் திருத்தாத நோட்டு பதினேழு மிச்சம். போன் ஒருமுறை அதிர்ந்து அடங்குகிறது, திரும்பவும் அதிர்கிறது.

“மிஸ், நாளைக்கு ஸ்கூல் உண்டா?”

டீச்சருக்கும் தெரியாது. தெரியாது என்று எழுதினால் அடுத்த கேள்வி வரும். எழுதாவிட்டால் இதே கேள்வி இன்னும் நாற்பது தடவை வரும்.